காத்திருந்து வாங்கிய ஃபேண்டஸி நாவல் ஏன் கைவிட்டது போல இருக்கிறது?

பல வருடம் காத்திருந்த ஃபேண்டஸி நாவல் ஒன்று கடைசியில் வெளியாகிறது. முதல் இரண்டு நாள் கொண்டாட்டம்தான். அப்புறம் கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தவர்கள் மெல்ல வாயைத் திறப்பார்கள்: நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால்... ஒரு வாரத்துக்குள் அந்த ‘ஆனால்’ பெரிய புலம்பலாகிவிடும். உடனே அதற்குத் தயாராக ஒரு பதிலும் வரும், அளவுக்கு மீறி எதிர்பார்த்தால் இப்படித்தான் ஆகும் என்று. எனக்கு இந்தப் பதில் பிடிப்பதே இல்லை. எதிர்பார்ப்பு என்பது வாசகர் தன் பாட்டுக்கு வளர்த்துக்கொண்ட ஒன்று, புத்தகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது போல அது பேசுகிறது. ஃபேண்டஸி தொடரில் எதிர்பார்ப்பை உண்டாக்குவதுதானே முந்தைய புத்தகத்தின் முக்கிய வேலை? அதை உண்டாக்கிவிட்டு வருடக்கணக்கில் காக்க வைத்தால், அந்தக் காத்திருப்பும் அடுத்த புத்தகத்தைப் படிக்கும் அனுபவத்துக்குள் கலந்துவிடுகிறது. பல ஏமாற்றங்களுக்கு நான் பார்த்த வரையில் இதுதான் வேர்.

துப்பறியும் தொடர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாவல் பத்து வருடம் தாமதமானாலும் குடி முழுகிப் போகாது, போன புத்தகத்தின் கொலைகாரன் போன புத்தகத்திலேயே பிடிபட்டிருப்பான். ஃபேண்டஸி தொடர் அப்படிக் கட்டப்படுவதில்லை. முதல் நூறு பக்கத்துக்குள் ஒரு தீர்க்கதரிசனம் வரும், பெற்றோர் யாரென்று தெரியாத ஒரு பையன் வருவான், போனவர் யாரும் திரும்பாத ஒரு நிலம் வடக்கே இருக்கும், ஆயிரம் வருடத்துக்கு முந்தைய போர் ஒன்றைப் பற்றி யாரோ பாதிப் பாட்டைப் பாடிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். இதில் ஒவ்வொன்றும் பின்னால் திருப்பித் தருகிறேன் என்று ஆசிரியர் வாங்கும் கடன். வாசகரும் சந்தோஷமாகத்தான் கொடுக்கிறார், ஏனென்றால் அந்த உலகம் பக்கங்களுக்கு வெளியேயும் நீண்டு கிடக்கிறது என்ற உணர்வே அந்தப் பாதிப் பாட்டிலிருந்துதான் வருகிறது.

டோல்கீனுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. 1963-இல் எழுதிய ஒரு கடிதத்தில், தன்னுடைய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவல் ஈர்ப்பதற்கு ஒரு காரணம் பின்னணியில் தெரியும் பெரிய வரலாற்றின் கீற்றுகள்தான், தூரத்தில் தெரியும் தீவு போல அது இழுக்கிறது, அங்கே போய் இறங்கினால் மாயம் போய்விடும், அங்கிருந்து இன்னும் எட்டாத தூரங்கள் தெரிந்தால் ஒழிய, என்கிற பொருளில் சொல்லியிருக்கிறார். அவர் பயந்தது அவர் இறந்த பிறகு நடந்தது. ‘ரிங்ஸ்’ நாவலின் கடைசிப் பாகம் வந்தது 1955-இல். டோல்கீன் 1973-இல் இறந்தார். வாழ்நாள் முழுக்க எழுதித் திருத்தி முடிக்காமல் விட்ட பழங்கதைகளை மகன் கிறிஸ்டோபர் ஒழுங்குபடுத்தி 1977-இல் ‘தி சில்மரிலியன்’ என்று கொண்டுவந்தார். 22 வருட இடைவெளி. அமெரிக்காவில் விற்பனைப் பட்டியலின் உச்சிக்கே போனது. ஆனால் ‘ரிங்ஸ்’ நாவலில் ஃப்ரோடோவோடும் சாமோடும் நடந்து பழகியவர்கள் அதைத் திறந்தபோது கிடைத்தது நாவல் இல்லை, புராணம். உரையாடல் குறைவு, பெயர்களோ வந்துகொண்டே இருக்கும், ஒரு வம்சத்தின் அழிவு இரண்டு பத்தியில் முடிந்துவிடும். வாங்கியவர்களில் எத்தனையோ பேர் பாதியில் மூடி வைத்தார்கள். என்னைக் கேட்டால் அது மிக அழகான புத்தகம், தனியாக, எதையும் தொடர்வதாக நினைக்காமல் படித்தால். 1977-இல் அதை அப்படிப் படிக்க யாருக்கும் வாய்ப்பிருக்கவில்லை.

இன்றைக்கு இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் பெயர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின். மூன்று புத்தகமாகத் திட்டமிட்ட தொடர் அவருடையது, ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’, தொலைக்காட்சியில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்று வந்தது. முதல் நாவல் 1996, அடுத்தது 1998, மூன்றாவது 2000. இரண்டு வருடத்துக்கு ஒன்று என்ற தாளம் வாசகருக்குப் பழகிவிட்டது. நான்காவது வந்தது 2005-இல், ஐந்தாவது 2011-இல், ஆறாவது இன்னும் வரவில்லை. நடுவில் என்ன ஆனது என்பது பலருக்குத் தெரிவதில்லை. மூன்றாவது நாவலுக்குப் பிறகு கதையை ஐந்து வருடம் முன்னால் தள்ளி, சிறுவர்களாக இருந்தவர்களை வளர்ந்தவர்களாக்கித் தொடர்வதுதான் அவர் போட்ட திட்டம். எழுதிப் பார்த்தபோது சிலருக்கு அது பொருந்தியது, சிலருக்குப் பொருந்தவில்லை, ஏனென்றால் ஒரு பெரிய குழப்பத்துக்கு நடுவில் இருப்பவர்கள் ஐந்து வருடம் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. திட்டத்தைக் கைவிட்டார். அப்புறம் எழுதியது ஒரே புத்தகத்துக்குள் அடங்காமல் பெருத்துப் போக, கதையைக் காலத்தால் வெட்டாமல் இடத்தால் வெட்டினார். விளைவு, 2005-இல் வந்த ‘எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்’ நாவலில் தொடரின் முக்கியப் பாத்திரங்கள் மூவர் காணோம்: டிரியனின் பார்வையில் ஒரு அத்தியாயம்கூட இல்லை, டெனேரிஸ் பார்வையில் இல்லை, ஜான் ஸ்னோ பார்வையிலும் இல்லை. மற்றவர்கள் அடுத்த வருடமே வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையை ஒரு குறிப்பாகக் கடைசியில் எழுதியிருந்தார். அந்த அடுத்த வருடம் 2011 ஆயிற்று.

யோசித்துப் பாருங்கள், 2000-இல் கத்திமுனையில் விட்டுவிட்டுப் போன ஒரு பாத்திரத்தை மறுபடி அவன் கண்வழியாகப் பார்க்க வாசகருக்குப் பதினொரு வருடம். அப்படிக் காத்திருந்து வாங்கிய ஐந்தாவது நாவலான ‘எ டான்ஸ் வித் டிராகன்ஸ்’ ஆயிரம் பக்கம் இரண்டு பெரிய போர்களை நோக்கி நகர்கிறது, அந்த இரண்டு போர்களும் தொடங்குவதற்கு முன்னால் முடிந்துவிடுகிறது, காரணம் அவை ஆறாவது நாவலுக்குத் தள்ளிப் போடப்பட்டன. அடுத்த பாகம் மேசையில் தயாராக இருந்தால் இது ஒரு பிரச்சனையே இல்லை, பக்கத்தைப் புரட்டுவது போல அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். இல்லாதபோது, கதை மிகவும் இறுகிய இடத்தில் அறுந்து வருடக்கணக்கில் அப்படியே தொங்குகிறது.

இதற்கு ஒரு நல்ல சாட்சி, பின்னால் வந்த வாசகர்கள். 2011-க்குப் பிறகு ஐந்தையும் ஒரே மூச்சில் படித்தவர்களில் பலர் நான்காவது நாவலை வெறுப்பதில்லை, செர்சி ராணியின் அத்தியாயங்களும் போரால் நாசமான கிராமங்களுக்குள் பிரியென் என்ற வீராங்கனை அலைவதும்தான் இந்தத் தொடரிலேயே சிறந்த எழுத்து என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள், நானும் அந்தக் கட்சி. நான்காவதையும் ஐந்தாவதையும் அத்தியாயம் அத்தியாயமாகக் கலந்து ஒரே புத்தகமாகப் படிக்கும் வரிசைகளை ரசிகர்களே தயாரித்து வைத்திருக்கிறார்கள், அந்த வரிசையில் படித்தவர்கள் நன்றாக ஓடுகிறது என்கிறார்கள். ஒரு வரியும் மாறவில்லை. காத்திருப்பு மட்டும்தான் கழிந்தது.

ராபர்ட் ஜோர்டானின் ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடரில் இதே கோளாறு இன்னும் தெளிவாகத் தெரியும். ஒன்பதாவது நாவல் 2000-இல் வந்தது, முடிவில் அந்த உலகத்தின் மந்திர அமைப்பையே புரட்டிப் போடும் ஒரு காரியம் நடக்கிறது. அதற்கு என்ன விளைவு என்று தெரிந்துகொள்ள 2003 வரை காத்திருந்தார்கள். பத்தாவது நாவலான ‘கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட்’ பெரும்பகுதி அதே நேரத்துக்குத் திரும்பிப் போய், வேறு வேறு இடங்களில் இருந்தவர்கள் தூரத்தில் ஏதோ பெரிய சக்தி எரிவதை உணர்ந்தபோது என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று காட்டியது. ஒரே நிகழ்ச்சியைப் பல திசையிலிருந்து பார்ப்பது நல்ல யோசனைதான், தொடர் முடிந்த பின் படிக்கும் ஒருவருக்கு அது கொஞ்சம் மெதுவான ஒரு வாரம், அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தவருக்கோ கதைக்குள் காலம் நகரவே இல்லை. எழுதுபவர் பார்ப்பது கதையின் கடிகாரத்தை. வெளியே இருப்பவருக்கு அது ஒன்று மட்டும் இல்லை, பள்ளி முடிந்து கல்லூரி முடிந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார், இரண்டு கடிகாரமும் சேர்ந்து ஓடுகிறது.

இன்னொரு விஷயம், காத்திருக்கும் காலத்தில் வாசகர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. திரும்பப் படிக்கிறார்கள், குறிப்பெடுக்கிறார்கள், கதை எங்கே போகும் என்று ஊகித்துத் தியரி எழுதுகிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து ஒரு புதிரைப் பத்து வருடம் உருட்டினால் அது அவிழ்ந்துவிடும். ஜான் ஸ்னோவின் பெற்றோர் யார் என்பதை முதல் நாவல் வந்த ஒரு சில வருடங்களிலேயே வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், தொலைக்காட்சித் தொடர் அதை உறுதி செய்தது 2016-இல், நாவலில் இன்னும் வெளிப்படையாகச் சொல்லப்படவே இல்லை. இந்த இடத்தில் ஆசிரியருக்கு நல்ல வழி எதுவும் இல்லை. வாசகர் கண்டுபிடித்ததையே எழுதினால் இதற்கா இத்தனை வருடம் என்பார்கள். மாற்றி எழுதினால் முன்னால் போட்ட தடயமெல்லாம் பொய்யாகிவிடும். வாசகர் கண்டுபிடித்துவிட்டார் என்பதற்காக மாற்ற மாட்டேன் என்று மார்ட்டின் சொன்னார், அதுதான் நேர்மையான முடிவு என்று நான் நினைக்கிறேன், ஆனால் அந்த நேர்மைக்கு விலை உண்டு: அந்தப் பக்கம் வரும் நாளில் அதில் அதிர்ச்சி இருக்காது.

புதிர் மட்டுமல்ல, ஆளும் இப்படி வளர்ந்துவிடுவதுண்டு. ஸ்காட் லிஞ்ச் 2006-இல் எழுதிய முதல் நாவலில் கதாநாயகனின் காதலி சபேத்தா பெயராக மட்டும் வருவாள், 2007-இல் வந்த இரண்டாவதிலும் அப்படியே, ஒரு பெருமூச்சு, ஒரு மௌனம், அவ்வளவுதான். மூன்றாவதில் அவள் நேரில் வந்தபோது 2013. ஆறு வருடத்தில் ஒவ்வொரு வாசகரும் தனக்கென்று ஒரு சபேத்தாவைச் செய்து வைத்திருந்தார். எழுத்தில் வந்தவள் புத்திசாலி, கோபக்காரி, தனக்காக யாரோ எப்போதும் ஏங்கிக்கொண்டே இருப்பதில் சலிப்புற்றவள், நியாயமான ஒரு பெண். அந்த நியாயம்தான் சிலருக்கு ஏமாற்றமாக இருந்தது.

பேட்ரிக் ராத்ஃபஸின் கதை வேறு மாதிரி. அவருடைய கதாநாயகன் தன் வாழ்க்கையை மூன்று நாளில் சொல்லி முடிப்பதாக ஒப்புக்கொள்கிறான், ஒரு நாளுக்கு ஒரு புத்தகம். முதல் நாள் 2007-இல் வந்தது, இரண்டாம் நாள் 2011-இல். மூன்றும் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டன, அடுத்தடுத்து வரும் என்று அவரே ஆரம்பத்தில் பேசியது வாசகர்கள் மனதில் இன்னும் இருக்கிறது. மூன்றாவது இன்னும் வரவில்லை. தாமதத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள்: அவன் எந்த ராஜாவைக் கொன்றான், பல்கலைக்கழகத்திலிருந்து எப்படித் துரத்தப்பட்டான், தன் குடும்பத்தை அழித்தவர்களைப் பற்றி என்ன கண்டுபிடித்தான், அவன் சக்தியும் பாட்டும் எங்கே போயின, இதில் பெரும்பாலானவை முதல் புத்தகத்திலேயே தொட்டுக் காட்டப்பட்டவை, இரண்டாம் நாள் முடிந்தும் பாக்கி நிற்பவை. இரண்டாவது நாவலில் ஒரு வழக்கு விசாரணையும் கப்பல் பயணமும் சில பத்திகளில் தாண்டிப் போக, காட்டில் ஒரு மோகினியோடு கழித்த காலம் அத்தியாயம் அத்தியாயமாக நீள்கிறது. மொழி அழகாக இருந்தது என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள், எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் பக்கம் எங்கே செலவாகிறது என்று எண்ணிப் பார்க்க வாசகருக்கு உரிமை இருக்கிறது, ஒரே ஒரு நாள்தான் மிச்சம் என்று புத்தகமே சொல்லிவிட்ட பிறகு.

சரி, சீக்கிரம் எழுதிக் கொடுத்தால் தீர்ந்துவிடுமா? தீராது. ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ 2023 மே மாதம் வந்து எங்கும் பேசப்பட்டது, அதன் அடுத்த பாகமான ‘அயர்ன் ஃப்ளேம்’ அதே வருடம் நவம்பரில் வந்துவிட்டது. ஆறு மாதம்தான். அதற்கும் குறை வந்தது: ஒரே சண்டையைக் காதலர்கள் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், இன்னொரு முறை எடிட்டர் கைக்குப் போயிருக்கலாம் என்று. இங்கே காத்திருப்பு காரணம் இல்லை, சூடு ஆறுவதற்குள் விற்றுவிட வேண்டும் என்ற அவசரம்தான் காரணமாகத் தெரிகிறது. பிராண்டன் சாண்டர்சனோ சொன்ன நேரத்தில் எழுதிக் கொடுப்பவர் என்று பெயர் வாங்கியவர். அவருடைய ‘ஸ்டார்ம்லைட்’ வரிசை 2010-இல் தொடங்கி மூன்று நான்கு வருடத்துக்கு ஒன்றாக ஒழுங்காக வந்தது, முதல் ஐந்தின் முடிவாக 2024 டிசம்பரில் வந்த ‘விண்ட் அண்ட் ட்ரூத்’ பத்து நாள் கதையை ஆயிரம் பக்கத்துக்கு மேல் சொல்கிறது. நேரம் தவறவில்லை, முடிச்சும் நிறைய அவிழ்ந்தது, ஆனாலும் பலருக்குச் சுருக்கென்று தைத்தது அதன் பேச்சு. வேறொரு உலகத்து வீரன் இன்றைய மனநல ஆலோசகர் பேசுவது போலப் பேசினால், பதினான்கு வருடமாக நம்பி வந்த உலகம் அந்த ஒரு வரியில் விலகிவிடுகிறது. இது எதிர்பார்ப்பின் தவறு இல்லை, எழுத்தின் தவறு, அப்படியே சொல்லலாம். பெயர் பெற்றவர்களின் நாவல் ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் தடித்துக்கொண்டே போவதை எத்தனையோ தொடரில் பார்க்கிறோம், இந்த நூறு பக்கம் வேண்டாம் என்று சொல்ல அந்த இடத்தில் யாராவது இருக்க வேண்டும்.

வாசகர் மாறிப்போவதையும் சொல்ல வேண்டும், அதில் எனக்குப் பிடித்த உதாரணம் உர்சுலா லெ குவினின் ‘எர்த்ஸீ’. முதல் மூன்று நாவல்கள் 1968 முதல் 1972 வரை வந்து முடிந்தன, மந்திரவாதி கெட் உலகத்தைக் காப்பாற்றித் தன் சக்தியை இழப்பதோடு. 18 வருடம் கழித்து, 1990-இல், நான்காவதாக ‘டெஹானு’ வந்தது. அதில் வீரப் பயணம் இல்லை. இரண்டாவது நாவலில் பூசாரிணியாக இருந்த பெண் இப்போது நடுவயது விதவை, தீயில் சுடப்பட்ட ஒரு குழந்தையை வளர்க்கிறாள், திரும்பி வரும் கெட் சக்தியில்லாத வெட்கத்தில் ஒளிந்துகொள்கிறான், ஆடு மேய்க்கப் போகிறான். சிறுவயதில் முதல் மூன்றையும் நேசித்தவர்களில் பலருக்கு இது துரோகமாகத் தெரிந்தது. அறிவியல் புனைகதைக்கும் ஃபேண்டஸிக்கும் தரப்படும் நெபுலா விருது கிடைத்தும் அந்தக் கோபம் சுலபத்தில் ஆறவில்லை. ஆனால் அதே வாசகர்களில் பலர் நாற்பது வயதில் அதைத் திரும்ப எடுத்தபோது, நான்கில் இதுதான் தனக்கு வேண்டியிருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். லெ குவின் அந்த 18 வருடத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதினார், தன் வயதையும் பாத்திரங்களின் வயதையும் நகர்த்தினார், வாசகர் நினைவில்தான் கெட் அப்படியே நின்றிருந்தான்.

யாரும் காத்திருக்காத புத்தகத்துக்கு என்ன நடக்கிறது என்றும் பார்க்கலாம். சுசன்னா கிளார்க்கின் முதல் நாவல் 2004-இல் வந்தது, பெரிய புத்தகம், தொடர்ச்சி வருமா என்று ஏங்கினார்கள். 2020-இல் அவர் கொடுத்தது தொடர்ச்சியே இல்லாத, மெல்லிய, வேறொரு உலகத்தில் நடக்கும் ‘பிரனேசி’. 16 வருடம் ஆகியும் பெரிய புலம்பல் எழவில்லை, அடுத்த வருடம் பெண்கள் புனைகதைப் பரிசும் பெற்றது. அதில் திருப்பிக் கொடுக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. சாண்டர்சனும் 2022 மார்ச்சில் யாரிடமும் சொல்லாமல் நான்கு நாவல் எழுதி வைத்திருப்பதாக அறிவித்தபோது, வாசகர்கள் அதற்கு 4 கோடி டாலருக்கு மேல் கொட்டிக் கொடுத்தார்கள். அவற்றில் முதலாவதை மக்கள் எவ்வளவு இலகுவாக, சிரித்துக்கொண்டே படித்தார்கள் என்பது நினைவிருக்கிறது.

இதனால்தான் வாசகர்கள் பேராசைக்காரர்கள் என்ற பேச்சை ஏற்க மறுக்கிறேன். ஆசிரியரைத் திட்டுவதும், எப்போது எழுதுவாய் என்று துரத்துவதும், நீ செத்துப் போனால் என்ன செய்வது என்று முகத்துக்கு நேரே கேட்பதும் அசிங்கம், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் ஒரு நாவல் தன் முந்தைய நாவல் சொன்னதைச் செய்யவில்லை என்று வருந்துவது வேறு. அந்த வருத்தம் கவனமாகப் படித்தவருக்குத்தான் வரும்.

உண்மையில் இவர்கள் எவ்வளவு பொறுத்துக்கொள்பவர்கள் என்பதற்கு ஜோர்டானின் தொடரே போதும். அவர் 2007-இல் முடிக்காமலே இறந்துபோனார். விட்டுச் சென்ற குறிப்புகளை வைத்து சாண்டர்சன் எழுதினார், ஒன்றாக வர வேண்டிய கடைசி நாவல் மூன்றாகி, 2009, 2010, 2013 என்று வந்தது. நடை வேறு என்று முதல் பக்கத்திலேயே தெரிந்தது. மேட் என்ற பாத்திரத்தின் நகைச்சுவை சுத்தமாகத் தப்பிவிட்டது என்று வாசகர்கள் சொன்னார்கள், சாண்டர்சனே முதல் முறை மேட் சரியாக வரவில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் 1990-இல் முதல் புத்தகம் முன்கூட்டிச் சொன்ன அந்தக் கடைசிப் போர் 2013-இல் நடந்தது, ஒரே அத்தியாயம் ஒரு சிறு நாவல் அளவுக்கு நீண்டு, இருபது வருடத்துக்கு மேல் நடந்து வந்த அத்தனை பேரையும் ஒரே களத்தில் நிறுத்தியது. மேட் பேசுவது சரியில்லை என்று இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்ளும் அதே ஆட்கள்தான், புதிதாகத் தொடங்குகிறேன் என்று யாராவது சொன்னால், பத்தாவது நாவலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள், கடைசி மூன்றும் வந்துவிட்டன, தைரியமாகத் தொடங்கு என்கிறார்கள்.